கழுவி வைத்த தட்டுகள்

அத்தியாயம் 4

தட்டு பளபளவென்று இருந்தது. அதில் என் முகமே தெரிந்தது. தூக்கமில்லாத, சவரம் செய்யாத, காலையிலேயே அலுத்துப்போன முகம்.

"என்னம்மா இது?" என்றேன்.

"நீங்க முந்தாநாள் குடுத்துட்டுப் போன தட்டுதான். பத்திரமா வெச்சிருந்தேன்" என்றார் இரண்டாம் மாடி அம்மாள் பெருமையாக.

"இதுல கரி இருந்திருக்கணுமே?"

"இருந்துச்சு. அதைப் போய் அப்படியேவா குடுப்பாங்க? நல்லாக் கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன்."

"தொடவே கூடாதுன்னு சொன்னேனே!"

"தொடலையே. கழுவும்போது மட்டும்தான் தொட்டேன்."

நான் திரும்பி அத்தானைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார ஓர் இடம் கிடைத்தால் துப்பும் கிடைக்கும் என்பது அவர் கொள்கை. இதைக் கொள்கை என்று அவர் சொல்கிறார். சோம்பேறித்தனம் என்று என் அக்கா சொல்கிறாள். அக்காவைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவர் எனக்கு அத்தான். அவர் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, 'துப்பறியும் நிறுவனம்' என்று ஒரு பலகை. நிறுவனத்தில் இருப்பது அவரும் நானும்தான். ஒரு வாரமாக அவருக்கு ஜலதோஷம். நிறுவனத்தில் பாதி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது.

வழக்கு இதுதான். தெருவின் ஒரு பக்கம் மூன்று மாடிக் குடியிருப்பு. எதிர்ப்பக்கம் விறகடுப்பு வைத்த பழைய பேக்கரி. சில மாதங்களாகக் குடியிருப்பில் கரி படிகிறது. கொடியில் காயும் துணியில், ஜன்னல் கம்பியில், தரையில், எங்கும் கரி. எதிரே புகைபோக்கி கண்ணுக்கு நேராக நிற்கும்போது யாரும் வேறு எங்கே பார்ப்பார்கள்? புகார் போனது. நாளைக் காலை நகராட்சி ஆட்கள் வந்து அடுப்புக்குச் சீல் வைக்கப்போகிறார்கள்.

பேக்கரிக்காரம்மா எங்களிடம் வந்தது சில நாட்களுக்கு முன்பு. முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த மாவைக்கூடத் துடைக்காமல் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"அந்தக் கீழ்வீட்டுப் பொண்ணுக்கு மூச்சு இழுக்குது, சார். என் அடுப்புதான் காரணம்னா, யாரும் வந்து சீல் வைக்க வேண்டாம். நானே தண்ணிய ஊத்தி அணைச்சிடறேன். ஆனா நான் காரணம் இல்லைன்னா, அடுப்பும் போயி, அந்தப் புள்ளைக்கும் மூச்சு இழுத்துக்கிட்டேதானே இருக்கும்? அதை யாரு கேப்பாங்க?"

அதைக் கேட்கத்தான் நாங்கள் இருந்தோம், வேறு யாரும் முன்வராததால். வீட்டுக்கு ஒரு வெள்ளைத் தட்டு ஜன்னலில் வைப்பது, எந்த வீட்டில் எவ்வளவு கரி விழுகிறது என்று பார்ப்பது. அத்தான் போட்ட திட்டம். தட்டுகள் மட்டும் என் அக்காவுடையவை. விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வருகிற செட். அவளைக் கேட்காமல் எடுத்து வந்தது நான். இதுவும் அவர் திட்டம்தான், மாட்டிக்கொள்ளப்போவது மட்டும் நான்.

இப்போது ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தோம். எதிர்வீட்டுத் தட்டு கழுவியிருந்தது. பக்கத்து வீட்டுத் தட்டு கழுவி, துணியில் சுற்றியிருந்தது. முதல் மாடிக் கோடி வீட்டில் தட்டில் நாலு பிஸ்கட்டும் வைத்துக் கொடுத்தார்கள். வெறும் தட்டாகக் கொடுப்பது மரியாதை இல்லையாம்.

"கதை கந்தல், அத்தான்" என்றேன். "குற்றவாளி ஆதாரத்தை அழிச்சுப் பார்த்திருக்கோம். பாதிக்கப்பட்டவங்க எல்லாரும் சேர்ந்து அழிச்சு இப்பதான் பார்க்கறேன்."

"ஊரான் கையில அழுக்குத் தட்டைக் குடுக்க யாருக்கு மனசு வரும்? எனக்கே இது தோணியிருக்கணும்" என்றார் அவர், மூக்கைத் துடைத்தபடி.

"கழுவாம வந்தது அந்த ஒண்ணுதான்."

அது என் பையில், செய்தித்தாளில் சுற்றி இருந்தது. காலையில் நாங்கள் வந்தபோது குடியிருப்பு வாசலிலேயே ஒருவர் அதை வைத்துக்கொண்டு காத்திருந்தார். கீழ்வீட்டுக்காரர், மூச்சு இழுக்கும் பெண்ணின் அப்பா. புகாரை எழுதி, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியவர் அவர்தான். நாங்கள் எங்களுக்குள் அவருக்கு வைத்த பெயர் புகார்க்காரர். ஒடிசலான மனிதர், தோளில் ஒரு துண்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"இந்தாங்க சார், ஆதாரம். விரல்கூடப் படல. பார்த்தீங்களா எப்படி இருக்குன்னு? இதைத்தான் என் பொண்ணு மூச்சா இழுக்கறா."

தட்டு கன்னங்கரேலென்று இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பேக்கரி ஷட்டர் போட்டிருக்கும். அன்னிக்குப் பாருங்க, பாப்பா சிரிச்சு விளையாடுவா. திங்கக்கிழமை மறுபடி இழுக்க ஆரம்பிச்சிடும். இதுக்கு மேல என்ன சார் வேணும்? நீங்க அந்தம்மா பக்கம் வந்திருக்கீங்கன்னு தெரியும். ஆனா மனசாட்சியோட பாருங்க." கோபமாகப் பேச ஆரம்பித்தவர் கெஞ்சுவது போல முடித்தார். "மத்தியானம் சாப்பிட வருவேன். அப்பப் பேசலாம். டூட்டிக்கு நேரமாச்சு."

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டார். அவரைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த வழக்கே பிடிக்கவில்லை. ஜெயித்தாலும் யாரோ ஒருவர் அழுவார்கள் போலிருந்தது.

படியில் உட்கார்ந்திருந்த அத்தான் மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. அது இருமலில் முடிந்தது.

"மாப்ள, தட்டு கழுவிட்டாங்க. சரி. எப்படிக் கழுவினாங்க?"

"கையாலதான்."

"உன்னைக் கூட்டிட்டு வந்தேன் பாரு. மறுபடி ஒரு சுத்துப் போ. எந்த வீட்ல தண்ணில போச்சு, எந்த வீட்ல சோப்பு கேட்டுச்சு, அதை மட்டும் கேட்டுட்டு வா."

"நீங்க?"

"நான் யோசிக்கணும்."

லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் யோசிப்பவர்களுக்கு எப்போதும் கீழ்ப்படிதான் கிடைக்கிறது. நான் ஏறினேன். நாக்குத் தள்ளியது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கரி எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது தோளைக் குலுக்கியவர்கள், எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்டதும் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒருவர் கை வலியைக் காட்டினார். ஒருவர் தேய்ந்துபோன நாரையே கொண்டுவந்து காட்டினார்.

தெருவைப் பார்த்த வீடுகளில், அதாவது பேக்கரிக்கு நேர் எதிரே இருந்த வீடுகளில், ஒரே பதில். "சும்மா தண்ணில அலசினேன். போயிடுச்சு."

பின்பக்கச் சந்தைப் பார்த்த வீடுகளில் வேறு கதை. "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! வழவழன்னு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி. சோப்பு போட்டேன், சோடா போட்டேன். கையெல்லாம் கருப்பு" என்றார் முதல் மாடி. "ரெண்டு தடவை தேய்ச்சேன்" என்றார் அதற்கு மேல் வீடு. அதே பின்பக்கத்தில் உச்சி மாடியிலோ, "எங்க வீட்ல கரியே இல்லையே. லேசாத் தூசி" என்றார்கள்.

உச்சி மாடியில்தான் குடியிருப்புச் செயலாளரும் இருந்தார். பனியனோடு வந்து, கேட்காமலே ஒரு விளக்கம் கொடுத்தார். "ஊருக்கு வெளியே வயல்ல வைக்கோல் எரிக்கறாங்க. அந்தப் புகையும் காத்துல இங்கதான் வருது. பேக்கரி பாதி, வயல் பாதி. எழுதிக்குங்க."

கீழே வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

"வயல் புகை மேலேயிருந்துதானே இறங்கணும்?" என்றார் அத்தான். "உச்சி மாடிய விட்டுட்டு நேரா கீழ்வீட்டுக்கு எப்படிப் போகும்? லிஃப்ட்டும் வேலை செய்யல."

"பேக்கரின்னாலும் இடிக்குது. பேக்கரிக்கு முதுகு காட்டின வீட்லதான் பிசுக்கு ஜாஸ்தி." எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "அத்தான், பின்பக்கம். கீழே. எண்ணெய்ப் பிசுக்கு. இவங்க ஜெனரேட்டர் எங்க இருக்கு?"

"பின்பக்கம். கீழே" என்றார் அவர்.

"அப்ப முடிஞ்சுது! செயலாளர் ஏன் வயல்ல போய்ப் பழியப் போட்டாருன்னு இப்பப் புரியுதா?"

"போய்ப் பார்த்துட்டு வா" என்று மட்டும் சொன்னார். எழுந்திருக்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஜெனரேட்டரின் தகரக் கதவை, குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்கிற தோரணையில் திறந்தேன். உள்ளே ஒரு பூனை, குட்டிகளோடு படுத்திருந்தது. கண் திறந்து நன்றாக வளர்ந்த குட்டிகள். இயந்திரத்தின் மேல் சிலந்தி வலை. தாய்ப்பூனை என்னைப் பார்த்துச் சீறிய சீறலில் இரண்டடி பின்னால் குதித்தேன்.

"மூக்கு உடைஞ்சுதா?" என்றார் அத்தான், நான் திரும்பியதும்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நேத்தே பூனை வாயில மீனோட உள்ள போனதைப் பார்த்தேன். நீ ஆசைப்பட்ட. ஏன் கெடுக்கணும்?"

கீழ்வீட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. மாடி வீட்டு அம்மாள் ஒருவர் அவ்வப்போது வந்து எட்டிப் பார்ப்பாராம். பெண்ணின் அம்மாவுக்குக் காலையிலேயே கம்பெனி வேலை. நான்காம் வகுப்புப் படிக்கிற பெண். பள்ளிக்கூடம் போய்ப் பல நாள் ஆகிறது. கட்டிலில் சாய்ந்து, மருந்துப் புகை வருகிற முகமூடியை மூக்கில் வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அதைக் கழற்றினாள்.

"நீங்கதான் துப்பறியறவங்களா? தொப்பி எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கு" என்றேன். "கரி."

சிரித்தாள். சிரிப்பின் கடைசியில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அத்தான் முகம் மாறிப்போனது. வீட்டில் அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள்.

அறைக்கு இரண்டு ஜன்னல். தெருப்பக்க ஜன்னலை, பேக்கரியைப் பார்த்த ஜன்னலை, செய்தித்தாள் ஒட்டி, டேப் போட்டு, ஓரமெல்லாம் துணி திணித்து அடைத்திருந்தார்கள். சந்துப்பக்க ஜன்னல் விரியத் திறந்திருந்தது. கட்டில் அந்த ஜன்னலுக்குக் கீழேயே போட்டிருந்தது.

"அப்பாதான் கட்டிலை இந்தப் பக்கம் மாத்திப் போட்டாரு. இங்கதான் நல்ல காத்து வருமாம்."

"தட்டு எங்க வெச்சிருந்தீங்க, பாப்பா?" அத்தான் கட்டில் முனையில் உட்கார்ந்து கேட்டார்.

"இங்கதான், இந்தத் திண்டு மேல. அந்த ஜன்னலைத்தான் திறக்கவே கூடாதே."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். புகார்க்காரரின் கருப்புத் தட்டும் பேக்கரிக்கு முதுகு காட்டித்தான் இருந்திருக்கிறது.

"மத்தியானம் அப்பா வந்துடுவாரா?"

"டெய்லி வருவாரு. எனக்கு ஊட்டி விட்டுட்டு, மருந்து குடுத்துட்டு, கதை சொல்லிட்டுப் போவாரு. அவர் வர்றது எனக்கு முன்னாடியே தெரியும். இந்தத் தம்ளர்ல தண்ணி ஆடும்."

"உங்கப்பா ஒல்லியாத்தானே இருந்தாரு? அவர் நடந்தாத் தண்ணி ஆடுமா?" என்றேன்.

அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்தது. மறுபடி அந்த விசில். முகமூடியை எடுத்து வைத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தான் மட்டும் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்குப் போனோம். அடுப்பு வாயில் பேக்கரிக்காரம்மா நீளத் துடுப்பால் ரொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என் அடுப்புதானா, சார்?" என்றார் எடுத்த எடுப்பில்.

அத்தான் மாவு மூட்டை மேல் உட்கார்ந்தார். "ஒண்ணு கேக்கணும்மா. ஞாயித்துக்கிழமை லீவுதானே?"

"கடைக்கு லீவு. அடுப்புக்கு ஏது லீவு? திங்கக்கிழமை விடியக்காலைல ஹோட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ரொட்டி போகணும். ஷட்டரைப் போட்டுட்டு உள்ள நாள் முழுக்கச் சுடுவோம். வாரத்துலயே அன்னிக்குத்தான் விறகு ஜாஸ்தி." சட்டென்று நிறுத்தினார். "ஏன், அன்னிக்கு அந்தப் பொண்ணுக்கு ரொம்ப இழுக்குதா?"

"அன்னிக்குத்தாம்மா அது சிரிச்சு விளையாடுது."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் துடுப்பை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சத்தமில்லாமல் அழுதார். நான் ரொட்டிகளைப் பார்ப்பது போல நடித்தேன்.

"ரொம்பச் சந்தோஷப்படாதீங்க" என்றார் அத்தான் அலுப்போடு. "உங்க கரியும் எதிர்வீட்டு ஜன்னல்ல இருக்கு. தண்ணில போற கரி, அவ்வளவுதான் வித்தியாசம். ஈர விறகைப் போடாதீங்க. புகைபோக்கிய உயர்த்திக் கட்டுங்க."

"இன்னிக்கே ஆளைக் கூப்பிடறேன். ஆனா அந்தப் பிசுக்கு எங்கேயிருந்து வருது?"

"அதுக்குத்தான் போறோம். கால்தான் வலிக்குது."

பின்பக்கச் சந்து ஒரு முட்டுச் சந்து. ஒரு பக்கம் குடியிருப்புச் சுவர், எதிரே ஏதோ கிடங்கின் முதுகு. தொழிற்சாலை இல்லை, அடுப்பு இல்லை, குப்பை எரித்த தடம்கூட இல்லை. நான் மேலும் கீழும் நடந்து பார்த்துச் சலித்துப்போய்ச் சுவரில் சாய்ந்தேன். அத்தான் எதிரே ஒரு கல்லைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"ஒண்ணுமே இல்லை, அத்தான். காத்துதான் குற்றவாளி. பிடிச்சு உள்ள போடுங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லு. உன் காலு மறைக்குது."

தள்ளி நின்றேன். என் பேண்ட்டில், முழங்காலுக்குப் பின்னால் சுண்ணாம்பு அப்பியிருந்தது. சுவரில் அந்த இடத்தில் மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. விசிறி மாதிரி ஒரு திட்டு. அதற்கு மேலே மங்கலான பழைய சுவர், அதற்கும் மேலே கீழ்வீட்டு ஜன்னல்.

"பாப்பா!" அத்தான் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தார். "இந்தச் சுவத்துக்கு யாரு வெள்ளை அடிச்சது?"

ஜன்னலில் முகம் தெரிந்தது. "அப்பாதான். அடிக்கடி அடிப்பாரு. பேக்கரிக் கரி அந்த இடத்துலதான் ரொம்பப் படியுதாம்."

"அத்தான்" என்றேன் மெதுவாக. "பறந்து வர்ற கரி, முழங்கால் உயரத்துல மட்டும் ஏன் படியணும்?"

"நான் கேக்க நினைச்சேன். நீ கேட்டுட்ட." அவர் எழுந்திருக்கவில்லை. "நின்னு பார்த்தா இது கண்ணுல படாது. உங்கக்காகிட்டச் சொல்லு."

மேலே ஜன்னலில் பெண் கைதட்டினாள். "தம்ளர் ஆடுது! அப்பா வந்தாச்சு!"

எனக்கும் காலடியில் தெரிந்தது. சந்து முனையில் கடகடவென்று சத்தம். பழைய கம்பெனி பஸ் ஒன்று, ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி, பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மெல்ல, பழகின இடத்துக்கு வருகிற மாடு மாதிரி வந்து, ஜன்னலுக்குக் கீழே சரியாக நின்றது. புகைக்குழாயின் வாய் அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தபடி இருந்தது. வெள்ளைத் திட்டு எங்கள் கண்ணெதிரே சாம்பல் நிறமாகியது.

டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியவர் புகார்க்காரர். கையில் சாப்பாட்டு டப்பா. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"பார்த்தாச்சா, சார்? பேக்கரிதானே?" என்றார் சத்தத்துக்கு மேல்.

எவ்வளவோ பேரைக் கண்டுபிடித்திருக்கிறோம்: ஓடியவர்கள், பொய் சொன்னவர்கள், கத்தியைக் காட்டியவர்கள். இவர் மகளுக்கு ஊட்டி விட வந்திருக்கிறார்.

"வண்டிய ஆஃப் பண்ண மாட்டீங்களா?" என்றார் அத்தான்.

"பண்ணினாத் திரும்ப எடுக்காது, சார். செல்ஃப் போயிடுச்சு. எவ்வளவோ தடவை சொல்லிட்டேன், மாத்த மாட்டேங்கறாங்க. ஷெட்டுல தள்ளி விட ஆள் இருக்கு. இங்க யாரு இருக்கா? நான் சாப்பிட்டு, பாப்பாவுக்குக் குடுத்துட்டுக் கிளம்பற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுடுவேன்."

"ஞாயித்துக்கிழமை?"

"எனக்கு லீவு." சொன்ன பிறகுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். ஆனாலும் தலையை ஆட்டினார். "அன்னிக்குப் பேக்கரியும்..."

"கடைதான் லீவு. அடுப்பு அன்னிக்குத்தான் நாள் முழுக்க எரியுது."

அத்தான் பேச்சை வளர்க்கவில்லை. என் பையிலிருந்து ஒரு தட்டை, கழுவித் துணியில் சுற்றிக் கொடுத்த தட்டை, எடுத்தார். புகைக்குழாயின் வாய்க்கு எதிரே போய்க் குனிந்து, அதைப் பிடித்தபடி நின்றார், தும்மல் வருகிறவரை. பிறகு புகார்க்காரரின் கருப்புத் தட்டையும் எடுத்து, இரண்டையும் பஸ் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

புகார்க்காரர் ஒரு விரலால் ஒன்றைத் தொட்டார். இன்னொரு விரலால் மற்றதைத் தொட்டார். இரண்டையும் மூக்கருகே கொண்டுபோனார். அவருக்குத் தெரியாத வாசனையா அது? வாழ்நாளெல்லாம் சட்டையிலும் தலைமுடியிலும் சுமந்த வாசனை. பழகிப்போனதால் அவர் அதைக் கவனித்ததே இல்லை.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அதற்குக் கீழேயிருந்த கட்டில் அங்கிருந்து தெரியாது. ஆனால் அதைத்தான் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

"நானே... நானேதான் கட்டிலை இந்தப் பக்கம் போட்டேன், சார்."

அத்தான் அவர் தோளைத் தொட்டுவிட்டு, "ஆஃப் பண்ணுங்க. தள்ள நாங்க இருக்கோம்" என்றார்.

புகார்க்காரர் ஏறிப்போய் எஞ்சினை நிறுத்தினார். சந்தே திடீரென்று காலியானது போலிருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டுவது கேட்டது.

உடனே உள்ளேயிருந்து பதறிய குரல் வந்தது. "அப்பா! கிளம்பிட்டீங்களா? சாப்பிடவே இல்லையே!"

சத்தம் நின்றால் அப்பா போய்விட்டார் என்றுதான் அவளுக்கு இதுவரை அர்த்தம்.

"இல்லடா. இங்கதான் இருக்கேன்" என்றார். குரல் உடைந்தது. டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டு, கருப்புத் தட்டை எடுத்துக்கொண்டு, சந்து முனைக் குழாயடிக்குப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். தண்ணீர் முத்து முத்தாக வழுக்கி ஓடியது, கரி அசையவில்லை.

"அது கிடக்கட்டும், சார். குடுங்க" என்றேன். அக்காவின் தட்டு அது, ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும்?

"கழுவிக் குடுத்துடறேன்" என்றார், நிமிராமல். "இப்படியேவா குடுக்கறது?"

காலையிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுச் சலித்த அதே வார்த்தை.

பஸ் நின்ற அமைதியைக் கேட்டோ என்னவோ, பேக்கரிக்காரம்மா சந்து முனையில் வந்து நின்றார். யாரும் அவருக்கு விளக்கவில்லை. பஸ்ஸையும், படியிலிருந்த தட்டையும், குழாயடியில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்தார். அவ்வளவுதான்.

புகார்க்காரர் எழுந்து நின்றார். கருப்பான கைகளைச் சட்டையில் துடைத்தார். "நாளைக் காலைல நகராட்சிக்காரங்க வரும்போது நானே வாசல்ல நின்னு சொல்லிடறேன்மா. புகார் குடுத்தவன் நான். நான்தான் சொல்லணும். கையெழுத்துப் போட்ட எல்லாரையும் கூட்டிட்டு வந்து..."

"பாப்பா சாப்பிட்டாளா?" என்றார் அந்த அம்மா.

"இல்லை."

"போய் முதல்ல ஊட்டுங்க. கட்டிலைத் தெருப்பக்கம் போடுங்க. அந்தத் தட்டை இப்படிக் குடுங்க. இது தண்ணில போகாது."

தட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு தகர டப்பா நிறைய அடுப்புச் சாம்பல் கொண்டுவந்தார். குழாயடியில் உட்கார்ந்து, ஒரு பிடி சாம்பலைப் போட்டு அழுத்தித் தேய்த்தார். கருப்பு கரைந்து சாக்கடையில் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை தெரிந்தது. அடுத்த தட்டையும் கேட்டு வாங்கினார்.

வீட்டுக்குள் கட்டில் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு, காகிதம் கிழிபடும் சத்தம், நீளமாக.

"அப்பா," என்றது உள்ளிருந்து அந்தக் குரல், "இது என்ன வாசனை?"

"ரொட்டிடா" என்றார் அவர்.

அத்தான் பஸ்ஸின் பின்னால் கையை வைத்து நின்றார். "வா மாப்ள. அவர் சாப்பிட்டு வர்றதுக்குள்ள இதைச் சந்து முனைக்குத் தள்ளிடுவோம்."

"உட்கார இடம் இல்லையா, அத்தான்?"

"தேடினேன். கிடைக்கல" என்றார். சாம்பல் கையோடு பேக்கரிக்காரம்மாவும் வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினோம்.